சேலம் நகராட்சியிலிருந்து டெல்லி மாளிகைக்கு: ராஜாஜி ஏறிய படிகள்

வணக்கம் நண்பர்களே. உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம், "ஒரு கவுன்சிலர் பதவிக்கா இவ்வளவு அடிதடி?" என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சலித்துக்கொண்ட நண்பர் ஒருவருக்குப் பதில் சொல்லத் தொடங்கித்தான் நான் இந்தக் காணொளிக்கு வந்து சேர்ந்தேன்.

1948 ஜூன் மாதத்தின் கடைசி நாள்களில் இந்தியாவின் உச்சப் பதவிகளில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அவர் சேலம் நகராட்சியின் முன்னாள் தலைவர். பிரதமர் ஜவாஹர்லால் நேரு. அலகாபாத் நகராட்சியின் முன்னாள் தலைவர். துணைப் பிரதமர் வல்லபபாய் படேல். 1924 முதல் 1928 வரை அகமதாபாத் நகராட்சியை நடத்தியவர். அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத். பாட்னா நகராட்சித் தலைவராக இருந்தவர். நால்வரும் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கணக்குப் பார்த்துவிட்டு வந்தவர்கள். மற்ற மூவருக்கும் அந்தப் பதவி கிடைத்தபோது அவர்கள் ஏற்கெனவே காங்கிரசில் பெயர் பெற்றிருந்தார்கள். ராஜாஜி மட்டும்தான், காந்தியோடு சேர்வதற்கு முன்பே, ஊர்க்காரர்களின் வக்கீலாக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர். ஆகவே இன்று அவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஓசூர் அருகே தொரப்பள்ளி என்ற கிராமத்தில், அவ்வூர் முன்சீப்பின் மகனாக 1878 டிசம்பரில் பிறந்தவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. பெங்களூரிலும் சென்னையிலும் படித்து, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1911இல் நகராட்சி உறுப்பினர், 1917இல் தலைவர். அப்போதைய மக்கள் வாயில் அது "முனிசிபல் சேர்மன்" பதவி.

அந்தப் பதவியின் கனத்தை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது. ரிப்பன் பிரபு 1882இல் கொண்டுவந்த தீர்மானமும், அதையொட்டிச் சென்னை மாகாணத்தில் 1884இல் இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டமும்தான் ஊர்க்காரர்களைத் தேர்தல் வழியாக நிர்வாகத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. தண்ணீர், துப்புரவு, விளக்கு, பள்ளிக்கூடம், இவற்றுக்கான வரி என்று எல்லாவற்றையும் நகராட்சி பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தலைக்கு மேலே கலெக்டர் உட்கார்ந்திருப்பார். வாக்குரிமையோ வரி கட்டியவர்களுக்கு மட்டும். கூலிக்கு நெசவு செய்தவருக்கும் தெரு கூட்டியவருக்கும் அந்தத் தேர்தலில் இடமே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சேலத்துக்கு இதில் ஒரு முன்கதையும் உண்டு. ராஜாஜிக்கு ஒரு தலைமுறை முன்பே, 1882இல், அதே நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சி. விஜயராகவாச்சாரியார். அதே ஆண்டு மூண்ட சேலம் கலவரத்தில் அவர்மீது வழக்குப் போட்டுத் தண்டனையும் கொடுத்தார்கள். அவர் மேல்முறையீடு செய்து விடுதலையாகி வந்தார். 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் அவரேதான். நகராட்சிக் கூடத்திலிருந்து அகில இந்திய மேடைக்குப் போக முடியும் என்பதைச் சேலம் முன்பே கண்டிருந்தது.

ராஜாஜி தலைவராக இருந்த 1917 முதல் 1919 வரையான காலத்தில், மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளோடு வீட்டையும் வழக்கையும் ஊரையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலம் நகராட்சியில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த முதல் உறுப்பினர் இடம்பெற்றது அவருடைய முயற்சியால்தான். இதே ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வேதியியல், இயற்பியல், தாவரவியல் முதலியவற்றுக்குத் தமிழில் கலைச்சொற்களை உருவாக்க 1916இல் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். குழாய்த் தண்ணீருக்குக் கணக்குப் போட்ட அதே கை, தமிழில் அறிவியல் பேசுவதற்கான சொற்களையும் தேடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் ஈரோட்டில், ஏறத்தாழ அதே காலத்தில், இன்னொரு சேர்மன் இருந்தார். வணிகக் குடும்பத்திலிருந்து வந்தவர், பெயர் ஈ.வெ. ராமசாமி. பக்கத்து ஊர்ச் சேர்மன்கள் இருவரும் நண்பர்களானார்கள். 1919இல் ஈ.வெ.ரா. தம் பதவியைத் துறந்து காங்கிரசுக்கு வந்ததில் ராஜாஜியின் வற்புறுத்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே நினைவில் வைத்திருங்கள்.

1919 தொடக்கத்தில் ராஜாஜி சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மார்ச் மாதம் காந்தி சென்னைக்கு வந்து கதீட்ரல் சாலையில் ஒரு வீட்டில் தங்கினார். தம்மை விருந்தாளியாக ஏற்றவர் இந்து நாளிதழின் கஸ்தூரிரங்க ஐயங்கார் என்றே காந்தி நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் குடியிருப்பவர் ராஜகோபாலாச்சாரி என்பதைத் தம் செயலாளர் மகாதேவ தேசாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். அவ்வளவு பின்வாங்கியே நின்றிருக்கிறார், சேலத்துச் சேர்மன். ரௌலட் மசோதா சட்டமாகிவிட்ட செய்தி அந்த வீட்டில்தான் காந்திக்கு எட்டியது. அன்று இரவு அதையே நினைத்தபடி தூங்கிப்போன அவர், விடியற்காலையில் அரைத்தூக்கத்தில் ஒரு யோசனையோடு விழித்து, அதை முதலில் ராஜாஜியிடம்தான் சொன்னார்: நாடு முழுவதும் ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு உண்ணாநோன்பும் பிரார்த்தனையுமாக இருப்பது. 1919 ஏப்ரல் 6ஆம் தேதி கடைகள் அடைக்கப்பட்ட அந்தப் பொதுவேலைநிறுத்தம் இப்படித்தான் பிறந்தது. அந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல் ஒன்று நிற்கிறது. வெளியே ஒரு நினைவுத்தூண் உண்டு. கதீட்ரல் சாலையில் வண்டியில் போகும்போது ஒருமுறை வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

அடுத்த மூன்றாண்டுகளை விரைவாகக் கடக்கிறேன். வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போய் மூன்று மாதம் இருந்தார். காந்தி சிறையில் இருந்தபோது அவருடைய "யங் இந்தியா" இதழைக் கவனித்துக்கொண்டார். 1922 கடைசியில் கயா காங்கிரசில், சட்டசபைகளுக்குள் போகலாம் என்று வாதாடிய சித்தரஞ்சன் தாசை எதிர்த்து நின்று தம் தரப்பை வெற்றிபெறச் செய்தார். அந்த மாநாட்டுக்குத் தலைவரே தாஸ்தான் என்பதை நினைத்தால், அதுவரை தென்னாட்டு வக்கீல் என்ற அளவில் மட்டும் அறியப்பட்டிருந்தவரை வடநாடு ஏன் நிமிர்ந்து பார்த்தது என்பது புரியும்.

ஆனால் பழைய சேர்மனை அடையாளம் காண வேண்டுமானால் கயாவுக்குப் போகத் தேவையில்லை, வேதாரண்யத்துக்குப் போக வேண்டும். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி, உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து, ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு, சுமார் 150 மைல் தூரத்தை நடந்து கடக்கக் கிளம்பினார். உப்பளங்கள் நிறைந்த கடற்கரை, வேதரத்தினம் பிள்ளை போன்ற உள்ளூர்த் துணை, வழிநெடுகக் காவிரிப் பாசன ஊர்கள் என்று பாதை யோசித்து அமைக்கப்பட்டிருந்தது. தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் என்ற ஆங்கிலேயர், இந்தத் தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று அறிவித்தார். நூறு பேர் கொண்ட படையை லத்தியால் அடிப்பதைவிடப் பட்டினி போட்டு உருக்குலைப்பது எளிது என்று கணக்குப் போட்டார்.

ஊர்கள் கண்டுபிடித்த விடையைக் கேளுங்கள். தொண்டர்களை யாரும் வீட்டுக்கு அழைக்கவில்லை. அவர்கள் நடந்து போகும் சாலையோர மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் யாரென்று எந்தப் போலீஸ்காரரால் சொல்ல முடியும்? மரத்தின்மீதா வழக்குப் போடுவது? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் தொண்டையும் அடைக்கும். ஏப்ரல் 28ஆம் தேதி படை வேதாரண்யத்தை அடைந்தது. 30ஆம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜியைக் கைது செய்தார்கள். ஆட்சியின் ஓர் உத்தரவு காகிதத்தில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தெருவில் அது யார் கையால் நிறைவேற வேண்டியிருக்கிறது என்பதை நகராட்சியில் இருந்தவர் அறிவார், தார்ன் அறிந்திருக்கவில்லை.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது அதுதான் பதவியின் பெயர். நிதித்துறையையும் தாமே வைத்துக்கொண்டார். மதுவிலக்கு அவருக்கு உயிர். மாகாணம் முழுவதும் ஒரே நாளில் கள்ளுக்கடைகளை மூடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ஒரே ஒரு மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். எந்த மாவட்டம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்: சேலம். சந்து பொந்தெல்லாம் தமக்குத் தெரிந்த ஊரில் ஒரு திட்டத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகே மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார். கள்ளில் வரும் வருமானம் போனால் கஜானாவில் விழும் ஓட்டைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு, 1939இல் பொது விற்பனை வரி என்ற ஒன்றை இந்தியாவிலேயே முதன்முறையாகக் கொண்டுவந்தார். வணிகர்கள் கொதித்தார்கள், வரி நிலைத்தது. பின்னாளில் மாநிலங்களின் கல்லாப்பெட்டியையே நிரப்பிய அந்த வரியின் மூலம் இதுதான். செலவுக்கு முன்னால் வரவு எங்கே என்று கேட்கும் பழக்கத்தை நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தைவிடக் கறாராகக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் வேறு இல்லை என்பது என் கருத்து.

அதே ஆட்சியில்தான் அவருடைய பெரிய சறுக்கலும் நிகழ்ந்தது. 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியை, அதாவது இந்தியை, கட்டாயமாக்கினார். மதுவிலக்கில் மாவட்டம் மாவட்டமாக அடி எடுத்து வைத்தவர், மொழியில் மட்டும் காகிதத்தில் சரியாக இருப்பது ஊரிலும் சரியாகத்தான் இருக்கும் என்று ஏன் நம்பினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர். எதிர்த்துப் போராடிய ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். சிறைவாசத்தின்போது நோயுற்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் இறந்தார்கள். முன்னாள் ஈரோட்டு நகராட்சித் தலைவரை, முன்னாள் சேலம் நகராட்சித் தலைவரின் அரசு சிறையில் அடைத்தது. 1940இல், ராஜாஜி பதவி விலகிய பிறகு, அந்த உத்தரவைக் கவர்னர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1942இல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டத்தை ஏற்காமலும், முஸ்லிம் லீகோடு சமரசம் பேச வேண்டும் என்று வலியுறுத்தியும் காங்கிரசை விட்டு வெளியேறினார். போகுமிடமெல்லாம் கூச்சலே வரவேற்பாக இருந்தது. அவர் அரசியல் முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். ஆனால் பிரிவினை உறுதியானபோது, அவர் முன்கூட்டிச் சொன்னதைப் பலரும் நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 1946இல் இடைக்கால அரசில் அமைச்சர். 1947 ஆகஸ்ட் 15 முதல் மேற்கு வங்கத்தின் கவர்னர். 1948 ஜூன் 21ஆம் தேதி மௌண்ட்பேட்டனுக்குப் பின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியரும் கடைசி மனிதரும் அவர்தான். 1950இல் குடியரசுத் தலைவராகவும் அவரையே தொடரச் செய்ய நேரு விரும்பினார். கட்சி ராஜேந்திர பிரசாத்தைத் தேர்ந்தெடுத்தது.

இப்போது, முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்திக்கு வருகிறேன். சேலத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் வரி கட்டியவர்கள். 1937இல் அவர் நின்றது சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில். அங்கே வாக்காளர்கள் பட்டதாரிகள். 1952இல் சென்னை மாநிலத்தில் 375 இடங்களில் காங்கிரஸ் 152ஐ மட்டுமே வென்று தவித்தபோது, தேர்தலில் நிற்காத அவரைக் கவர்னர் சட்ட மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். வயதுவந்தோர் அனைவரும் வாக்களிக்கும் பொதுத்தேர்தலில் அவர் ஒருமுறைகூட வேட்பாளராக நின்றதில்லை. டெல்லி வரை உயர்ந்த அந்த ஏணியில், தெரு கூட்டியவரின் வாக்கு என்ற படி இல்லவே இல்லை. 1953இல், பள்ளியில் பாதிநாள், மீதிநேரம் வீட்டுத் தொழில் என்ற கல்வித் திட்டத்தை அறிவித்தபோது, அதைக் "குலக்கல்வி" என்று மக்கள் ஏன் கொதித்துப் பெயரிட்டார்கள் என்பதை அவரால் ஊகிக்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். 1954 ஏப்ரலில் அவர் விலகினார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் யாரென்று சொல்ல வேண்டுமா? ஈரோட்டுக்காரர்தான்.

ஆனால் அந்த இருவருக்குமான கணக்கு இவ்வளவு நேர்கோட்டில் செல்லவில்லை. 1949 மே மாதம், ராஜாஜி கவர்னர் ஜெனரலாகத் திருவண்ணாமலைக்கு வந்தபோது, பெரியார் ரயில் நிலையத்தில் அவருடைய தனிப்பெட்டிக்குள் சென்று தனியாகப் பேசினார். சொந்த வாழ்க்கையில் ஒரு முக்கியமான முடிவை எடுக்குமுன் அவர் யோசனை கேட்கச் சென்றது, தம்மைச் சிறையில் வைத்த ஆட்சியின் தலைவரிடம். கட்சிக்காரர்கள் திகைத்தார்கள்.

1972 டிசம்பர் 25ஆம் தேதி, தொண்ணூற்று நான்காம் வயதில் ராஜாஜி சென்னையில் இறந்தார். தகனத்தின்போது, தொண்ணூற்று மூன்று வயதான பெரியார் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வந்திருந்தார். சிதைக்கு அருகே அந்த நாற்காலியை நிறுத்தினார்கள். அவர் குலுங்கி அழுதார்.