பிளாஸ்மாவுக்கு ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்தது யார்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி மூன்று நாளாக என்னை விடவே இல்லை. "பிளாஸ்மா தானாகவே ஒழுங்குக்கு வருகிறது, கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றீர்கள். சமன்பாட்டை எழுதியது மனிதர்தானே, அப்போ ஒழுங்கையும் நாமே உள்ளே வைத்துவிட்டு வெளியே எடுக்கிறோமா?"

இல்லை தம்பி. மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிந்துபோன சூடான வாயுதான் பிளாஸ்மா. அதற்காக நாம் கம்ப்யூட்டரில் எழுதுவது ரொம்பக் கொஞ்சம். துகள் நகர்கிறது, அதனால் மின்புலமும் காந்தப்புலமும் மாறுகின்றன, மாறிய புலம் துகளைத் தள்ளுகிறது, மறுபடி முதலிலிருந்து. இவ்வளவுதான். எல்லாத் துகள்களையும் எந்தக் கம்ப்யூட்டராலும் பின்தொடர முடியாது என்பதால் ஒன்றையே பல கோடித் துகள்களுக்குப் பதிலாக ஓடவிடுவோம். ஆனால் "இந்த வடிவத்துக்கு வா" என்று எந்த வரியிலும் எழுதுவதில்லை.

அப்புறம் எங்கிருந்து வருகிறது? முறுக்கிலிருந்து. என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போயிருந்தபோது, வலை கட்டும் ஒரு அண்ணன் நைலான் கயிற்றை விறைப்பாக முறுக்கி, இரண்டு முனைகளையும் மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தார். கயிறு நடுவில் தன்மேலேயே சுற்றிக்கொண்டு ஒரு வளையம் போட்டது. விறைப்பு தணிந்துவிட்டது, முறுக்கு போகவில்லை, வளையமாக உருமாறி அங்கேயே இருக்கிறது. முனையை விட்டால்தான் போகும்.

காந்தப்புலமும் அப்படித்தான். கொந்தளிப்பில் புலக்கோடுகள் அறுந்து வேறு கோடுகளோடு ஒட்டும்போது ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது, மொத்த முறுக்கு, அதாவது ஹெலிசிட்டி, ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. முறுக்கை இழக்காமல் ஆற்றல் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவும் குறைந்த பிறகு மிஞ்சுகிற வடிவத்தைத்தான் ஒழுங்கு என்கிறோம். ஜே. பி. டெய்லர் என்ற இயற்பியலாளர் 1974-ல் இதைச் சொன்னார். அவர் விளக்கியது 1957-ல் ஓடத் தொடங்கிய இங்கிலாந்து ஹார்வெல் ஆய்வகத்தின் ஸீட்டா என்ற அணுக்கரு இணைவுச் சோதனைக் கருவியில் கண்டதை: ஓரத்துக் காந்தப்புலம் தானே திசை திரும்பியது, பிளாஸ்மாவும் கொஞ்ச நேரம் அடங்கியது. அங்கே நம் நிரலே இல்லையே தம்பி!

எனக்கு ஆசை, நீங்கள் இன்னொன்றும் கேட்டிருக்கலாம்: கருவியால் முடியாத எதைக் கம்ப்யூட்டர் செய்யும்? பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்து வைக்கும் டோகமாக் என்ற கருவியில் கொந்தளிப்பே பட்டை பட்டையாக எதிரெதிர் ஓட்டங்களை உண்டாக்கும், அந்த ஓட்டங்கள் கொந்தளிப்பையே அடக்கும். நிஜக் கருவியில் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிரிக்க வழியில்லை. 1998-ல் ஜிஹோங் லின் குழுவினர் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். சுழல்கள் நீள நீளமாக வளர்ந்து வெப்பத்தை வெளியே வாரிக்கொண்டு போயின. ஓட்டங்களை விட்டுவைத்தால் அதே சுழல்கள் துண்டு துண்டாகின்றன. அந்தப் படங்களை முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வீடியோவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.