மகள் திடீரென்று ஆஸ்திரியா போகிறேன் என்கிறாள், வீசா வேண்டாமா?

அடுத்த கேள்வி உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. முழுவதையும் வாசித்துவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள். “மகள் ஜேர்மனியில் மியூனிக் நகரில் முதுமாணி படிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை இரவு அழைத்து, விடிந்தால் சிநேகிதர்களோடு ஆஸ்திரியாவுக்குப் போகிறேன், இரவே திரும்பிவிடுவேன் என்றாள். வீசா எடுக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இன்னொரு நாட்டுக்கு இப்படியும் போகலாமா? பிடிபட்டால் படிப்பு என்னாகும்? செலவுக்கு என்ன செய்கிறாள்?”

அம்மா, முதலில் உங்கள் நெஞ்சிடி நிற்கட்டும். போகலாம். சட்டப்படிதான் போயிருக்கிறாள். இனி ஆறுதலாக விளக்கத்துக்கு வருகிறேன்.

நாம் தீவில் பிறந்தவர்கள். வெளிநாடு என்றால் நமக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம்தான். பெட்டியை நிறுக்க வேண்டும், வாசலில் நின்று அழ வேண்டும். ரயிலில் உட்கார்ந்தபடியே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் போகிற அனுபவம் இங்கே இருப்பவர்களுக்குக் கிடையாது. அதனால்தான் “ஆஸ்திரியா” என்ற சொல்லைக் கேட்டதும் தூதரகமும் விமானமும் உங்கள் கண்ணுக்குள் வந்துவிட்டன. மகள் போனது அநேகமாக சால்ஸ்பர்க். மியூனிக்கில் ஏறினால் சாதாரண ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜேர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ் என்று 29 நாடுகள், தங்களுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர விடுகிற ஷெங்கன் என்ற ஏற்பாட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கொடுத்த வதிவிட அனுமதி அட்டை கையில் இருந்தால், மற்ற நாடுகளுக்குச் சுற்றிப் பார்க்கத் தனி வீசா தேவையில்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் வரை தங்கலாம். படிப்புக்காகக் கொழும்பில் எடுத்துப் போன நீண்டகால வீசா இன்னும் செல்லுபடியாக இருந்தால் அதுவும் போதும். நன்றாகக் கவனியுங்கள், சுற்றிப் பார்க்கத்தான் இந்த உரிமை. ஆஸ்திரியாவில் போய் வேலை செய்ய முடியாது.

ஓர் இடைவெளி மட்டும் ஆபத்தானது. வீசா முடிந்திருக்கும், அட்டைக்கு விண்ணப்பித்திருப்பார்கள், அட்டை வந்திருக்காது, கையில் ஓர் இடைக்காலக் கடதாசி மட்டும் இருக்கும். அந்த நாட்களில் எல்லையைத் தாண்டவே வேண்டாம். சிநேகிதர்கள் எவ்வளவு இழுத்தாலும் ஜேர்மனிக்குள்ளேயே ஓர் ஊருக்குப் போகட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் லண்டனில் பிள்ளை படிக்கிற பெற்றோரும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது! பிரித்தானியா ஷெங்கனில் இல்லை. அங்கே மாணவராக இருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் பாரிசுக்கு ஒரு நாள் போவதானாலும் தனியாக ஷெங்கன் வீசா எடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, முடிவு வரச் சாதாரணமாக இரண்டு வாரம். வெள்ளி இரவு நினைத்துச் சனி காலை வெளிக்கிடுகிற காரியமல்ல அது. அயர்லாந்தும் ஷெங்கனுக்கு வெளியேதான். பிரித்தானியாவுக்குள் இருக்கிற பெல்பாஸ்டிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்கு வீதியில் யாரும் மறிக்கமாட்டார்கள் என்று சிநேகிதர்கள் சொல்வார்கள். மறிக்காவிட்டாலும் வீசா வேண்டும்.

சரி, மியூனிக்குக்கு வருவோம். அனுமதி இருக்கிறது என்பது ஒன்று, அதைக் காட்டுவதற்கு ஆவணம் கையில் இருக்க வேண்டும் என்பது வேறொன்று. பிள்ளைகள் தவறுகிற இடம் இதுதான். ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்று படித்திருப்பார்கள். ஆனால் ஆஸ்திரியப் பக்கத்து எல்லையில் ஜேர்மனி 2015 இலையுதிர் காலத்திலிருந்து சோதனை நடத்துகிறது. 2024 செப்டம்பரில் அதைத் தன்னுடைய தரை எல்லைகள் எல்லாவற்றுக்கும் விரித்தது.

சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது ஆற்றைக் கடந்ததும் ஜேர்மனிப் பக்கத்தில் ஃப்ரைலாசிங் என்ற நிலையம் வரும். பொலிசார் ஏறுவது அங்கேதான். எல்லாரையும் எல்லா நாளும் பார்ப்பதில்லை. நான் அங்கே படித்த காலத்தில் எங்கள் குழுவில் ஒருவன், கிண்ணியாப் பக்கத்துப் பையன், கடவுச்சீட்டையும் அட்டையையும் விடுதி மேசை லாச்சியில் பத்திரமாக வைத்துவிட்டு அவற்றின் படத்தைக் கைத்தொலைபேசியில் கொண்டுவந்திருந்தான். “பத்திரமாக” என்பது அவனுடைய சொல். அவனை இறங்கச் சொன்னார்கள். டிக்கெட் குழுவாக எடுத்தது, ஆகவே நாங்களும் இறங்கினோம். பெயரைக் கேட்டு, பிறந்த திகதியைக் கேட்டு, உள்ளே கொண்டுபோய்க் கணினியில் தேடி, விரல் ரேகை எடுத்து, கடைசியில் விட்டார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் நாங்கள் மேடையில் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்க, மியூனிக் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. மிச்சம் இருந்த பாண் துண்டுகளையும் அந்த வாங்கில்தான் தின்று முடித்தோம்.

யுத்த காலத்தில் திருமலையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சந்திக்குப் பாண் வாங்கப் போனாலும் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் படலையைத் திறப்போம். பின்னால் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இல்லாமல் போனது நல்லதுதான், அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அங்கே போன பிறகு எல்லை தாண்டுகிற நாளிலாவது அது வேண்டும். அசல் கடவுச்சீட்டு, அசல் அட்டை, இரண்டும். படம் உதவாது.

இனிச் செலவு. அம்மா, பணத்தைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, “செலவுக்கு என்ன செய்கிறாள்” என்று சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறீர்கள். முடக்கிய கணக்கிலிருந்து, அதாவது வீசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்க விடுகிற வங்கிக் கணக்கிலிருந்து, மாதம் 992 யூரோ வருகிறது, வாடகையும் காப்புறுதியும் போனால் கையில் அதிகம் நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும். இப்படிப்பட்ட திடீர்ப் பயணம் அந்தப் பணத்தை விழுங்குமா விழுங்காதா என்பது எங்கே போகிறாள் என்பதைப் பொறுத்தது.

வேகமான நீண்டதூர ரயில், நீண்டதூர பஸ், விமானம், இவை மூன்றிலும் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். ஒரு மாதத்துக்கு முன்னர் மலிவாக இருந்தது முதல்நாள் இரவில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகியிருக்கலாம். ஆகவே பாரிஸ், ரோம் என்று வெள்ளி இரவில் ஆசைப்படுவது காசைக் கடலில் கொட்டுகிற வேலை. உள்ளூர் ரயில்களில் அப்படியில்லை, வண்டி வெளிக்கிட ஐந்து நிமிடம் இருக்கும்போது எடுத்தாலும் அதே விலை. திடீர்ப் பயணத்துக்கு ஏற்றவை இந்த மெதுவான ரயில்கள்தான்.

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று டொய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள், 2025இல் 58 ஆக்கினார்கள், 2026 தொடக்கத்தில் 63 ஆகிவிட்டது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குச் சலுகை விலையில் கிடைக்கும். மாதம் முழுவதும் நாடெங்கும் உள்ளூர் ரயில், நகர பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம், வேக ரயில்களில் மட்டும் ஏற முடியாது. அது எல்லையைத் தாண்டி சால்ஸ்பர்க் பிரதான நிலையம் வரை செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. மகளிடம் அது இருந்திருந்தால் ஆஸ்திரியாவுக்குப் போய்வரப் பயணச் செலவு ஒரு சதமும் கூட ஆகியிருக்காது! நிலையத்துக்கு வெளியே அந்த ஊர் பஸ்ஸில் மட்டும் அதைக் காட்ட முடியாது.

மற்றது பயர்ன் டிக்கெட். பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட், ஐந்து பேர் வரை ஒன்றாகப் போகலாம், ஆள் கூடக்கூடத் தலைக்கு விலை குறையும். இதுவும் சால்ஸ்பர்க் வரை செல்லும். கிழமை நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லுபடியாகும், சனி ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே. அதில் பயணிகளின் பெயர்களை எழுத வேண்டும். பரிசோதகர் அந்தப் பெயர்களை ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். “எழுதாமல் விடுவோம், நாளைக்கு வேறு யாருக்காவது கொடுக்கலாம்” என்று யோசிக்கிற கெட்டிக்காரர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். தண்டப்பணம் கட்டும்போது அவரே எல்லாருக்காகவும் கட்டட்டும்.

பிள்ளைக்கு இன்னும் இப்படிப் போக ஆசை இருந்தால் சால்ஸ்பர்க்கோடு நிறுத்தத் தேவையில்லை. டானூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடுகிற பஸாவ், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கற்பாலம் இருக்கிற ரேகன்ஸ்பர்க், இரண்டும் இதே டிக்கெட்டுக்குள் அடக்கம். எல்லைச் சோதனைத் தலையிடியும் இல்லை. என்னைக் கேட்டால், கூட்டத்தில் இடிபடாமல் நடக்க ரேகன்ஸ்பர்க் தான் நல்லது. ஆனால் வீட்டுக்குப் படம் அனுப்ப சால்ஸ்பர்க்கை அடிக்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஊரை நடந்தே பார்த்துவிடலாம். நிலையத்திலிருந்து மிராபெல் பூங்கா கால்மணிநேர நடை, உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மோசார்ட் 1756இல் பிறந்த வீடு இருக்கிற கெட்ரைடெகாஸே என்ற ஒடுங்கிய தெரு. அந்தத் தெருவில் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒவ்வொரு கடை வாசலிலும் இரும்பை வளைத்துச் செய்த பெயர்ப்பலகை தொங்கும். மேலே 1077இல் கட்டத் தொடங்கிய கோட்டை. ஏறிப் போக இழுவை ரயில் இருக்கிறது, காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் நடைபாதையும் இருக்கிறது. கோணேசர் கோவிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து நடந்தே போய்ப் பழகிய பிள்ளைக்கு அந்த ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் ஏறிவிடுவாள். உள்ளே போகக் கட்டணம் உண்டு. ஒரு குடை இருக்கட்டும், மழைக்குப் பெயர்போன ஊர்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவதுதான் உத்தமம். தண்ணீர்ப் போத்தலைக் குழாயிலேயே நிரப்பலாம், இரண்டு நாட்டிலும் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கடையில் வாங்கலாம் என்று நம்பி வெறுங்கையோடு போகக் கூடாது. இரண்டு நாட்டிலும் அன்றைக்குக் கடைகள் பூட்டு, நிலையத்துக் கடைகள் போல ஒன்றிரண்டுதான் திறந்திருக்கும்.

நோய் நொடி வந்தால்? மகளிடம் அரசாங்கச் சட்டத்தின் கீழான மாணவர் காப்புறுதி இருந்தால், அந்த அட்டையின் பின்பக்கமே ஐரோப்பியக் காப்புறுதி அட்டை. ஆஸ்திரியாவில் அவசர வைத்தியத்துக்கு அது போதும். சுவிசுக்குப் போவதென்றால் நம் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அது செல்லாது, தனியாகப் பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும். தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டே வெளிக்கிடுங்கள். அவசர அழைப்பு எல்லா இடத்திலும் 112.

கடைசியாக ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு எடுத்த படம் என்று அனுப்பியிருக்கிறாள், வெளிச்சமாக இருக்கிறது, பொய் சொல்கிறாளா என்றும் இந்த அம்மா கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார். பொய்யில்லை அம்மா. ஜூன் மாதத்தில் அங்கே ஒன்பது மணிவரை சூரியன் நிற்கும். அவர்களுடைய கோடை காலத்தில் நாம் மூன்றரை மணிநேரம் முந்தி இருக்கிறோம், ஆகவே அந்த நேரம் இங்கே நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. நீங்கள் தூக்கம் விட்டுக் காத்திருந்தது அதனால்தான். குளிர் காலத்தில் இந்த வித்தியாசம் நாலரை மணிநேரமாகும்.

அடுத்த முறை வெள்ளி இரவு அழைப்பு வந்தால் ஏன் போகிறாய் என்று கேட்காதீர்கள், அதற்கு அந்த வயதில் பதில் கிடையாது. கடவுச்சீட்டும் அட்டையும் பைக்குள் இருக்கின்றனவா, திரும்பி வரக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு, கூடப் போகிற ஒருவருடைய தொலைபேசி இலக்கம் என்ன, இவற்றைக் கேளுங்கள். அட்டை எந்தத் திகதியில் முடிகிறது என்பதையும் ஒரு தரம் கேட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கள், பிள்ளைகள் அதை மறந்துபோவார்கள்.

அடுத்த கேள்வி மூதூரிலிருந்து. முடக்கிய கணக்கைத் தம்பியின் பெயரில் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.