மாணவரைத் தேடிச் செல்லும் உதவி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தில்லியில் கல்லூரிச் சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கும் நாள்களில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸிலும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் நம் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் அவர்களை ரயில் நிலையத்துக்கே போய் அழைத்து வந்து, வீட்டில் இரண்டு நாள் தங்கவைத்து, விஜய் நகரிலோ சத்ய நிகேதனிலோ முனிர்க்காவிலோ அறை பார்த்துக் கொடுத்தும் இருப்பீர்கள். அதுவரை பிள்ளைக்கு ஆள் துணை இருக்கிறது. பெற்றோர் ஊர் திரும்பிய பிறகு வருகிற முதல் இரண்டு மாதங்களில் அந்த மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் பணிக்காலம் முழுவதும் என்னை விடாமல் தொடர்ந்த கேள்வி இது.

2022ஆம் ஆண்டிலிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. அதைத் தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் எழுதலாம். எனவே தமிழ்வழியில் படித்த ஒரு மாணவி, தமிழிலேயே தேர்வெழுதித் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற முடியும். நல்லது, மகிழத்தக்கது. ஆனால் அவள் வகுப்பில் நுழையும்போது பாடம் ஆங்கிலத்தில் தொடங்குகிறது; புரியவில்லை என்று யாராவது சொன்னால் விளக்கம் இந்தியில் வருகிறது. பருவத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். நுழைவாயிலில் அவளுடைய மொழிக்கு இடம் இருந்தது. உள்ளே வந்தபின் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு யாருடையது? அவளுடையது மட்டுமே என்று எண்ணுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து.

இது புதிய கருத்தும் அன்று. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் ஓர் உறுப்பினர். பாடத்திட்டத்தையும் தேர்வையும் பற்றி மட்டும் பேசிவிட்டு அக்குழு நின்றுவிடவில்லை. மாணவர் நலனுக்கென்று அதன் அறிக்கையில் தனிப் பகுதியே உண்டு. ஆக, மாணவரைச் சேர்த்துக்கொள்வதோடு கடமை முடிவதில்லை என்பதை இந்நாட்டின் உயர்கல்வி தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டது.

அவ்வாறு எழுதி வைத்ததில் பலவும் இன்று நடைமுறையில் இருக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சம வாய்ப்புப் பிரிவு இருக்கிறது, பார்வையற்றோருக்கான பிரெய்ல் நூலகம் இருக்கிறது, மாணவர்களும் சிகிச்சை பெறக்கூடிய மருத்துவ நிலையம் இருக்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்காகவே மொழித்திறன் பிரிவு ஒன்று இருக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகிய மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி அளிக்கக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு நிதி வழங்கிய திட்டமும் உண்டு. இத்தனை இருந்தும் தேவைப்படும் மாணவர் ஏன் அங்கே போவதில்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நான் பணியாற்றிய காலத்தில் ஒரு கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தாள் ஒட்டப்படும். கற்றலில் பின்தங்கிய மாணவர்களுக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு நடைபெறும், விரும்புவோர் பெயர் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஆசிரியர் காத்திருப்பார், ஒருவர் இருவர் வருவார்கள், பிறகு அவர்களும் நின்றுவிடுவார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி முதல் பருவத்தில் நுண்கணிதத்தில் திணறிக்கொண்டிருந்தாள். அந்த வகுப்புக்கு ஏன் போகவில்லை என்று தனியே கேட்டேன். "மேடம், அங்க போய் உட்கார்ந்தா, இவ கோட்டாவுல வந்தவ, ஒண்ணும் தெரியாதவன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்" என்றாள். தன் அறையில் நள்ளிரவு வரை தனியாகப் படித்துக்கொண்டிருந்த பெண் அவள். உழைப்பில் குறை இல்லை, ஆர்வத்தில் குறை இல்லை. உதவி பெறுவதற்கு நாம் வைத்திருந்த நிபந்தனைதான் அவளைத் தடுத்தது: முதலில் நான் பலவீனமானவள் என்று ஊரறியச் சொல்ல வேண்டும், பிறகுதான் உதவி.

இதைச் சொல்லும்போது அமெரிக்கக் கணித ஆசிரியர் யூரி ட்ரீஸ்மன் செய்ததைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. என் மாணவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் பலமுறை சொன்ன செய்தி இது. நேயர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ட்ரீஸ்மன் ஆய்வு மாணவராக இருந்தார். அங்கே நுண்கணித வகுப்பில் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார்கள். காரணம் என்ன என்று அவர் ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் போதவில்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, குடும்பத்தின் ஆதரவு இல்லை, வறுமை என்று விடைகள் வந்தன. நேயர்களே, இதே நான்கு விடைகளைத் தில்லியின் ஆசிரியர் அறைகளில் நம் மாணவர்களைப் பற்றியும் நான் கேட்டிருக்கிறேன். ட்ரீஸ்மன் அவற்றை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வோர் இனத்திலும் இருபது மாணவர்களைத் தேர்ந்து, அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று, நீண்ட காலம் உடனிருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்றும் பொருந்தவில்லை. அந்தக் கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதன்மை பெற்றவர்கள்; அவர்களைப் படிக்க வைக்கக் குடும்பங்கள் பெரும் தியாகம் செய்திருந்தன.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு மாலையில் ஒன்றுகூடி ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள், பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்துகொண்டார்கள், ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது உண்மையிலேயே கடினமான கணக்கு என்று தெரிந்துகொண்டார்கள். கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் தனியாகவே படித்தார்கள். பள்ளிக் காலத்தில் அந்தத் தனிமைதான் அவர்களைக் காப்பாற்றி உயர்த்தியிருந்தது. பல்கலைக்கழகத்திலோ, தனியாகப் படிக்கிறவருக்குக் கணக்கு வராதபோது, பிறருக்கும் வரவில்லை என்பது தெரிய வழியில்லை; தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்து ஒடுங்கிப்போகிறார். பல்கலைக்கழகம் நடத்திய உதவி வகுப்புகளுக்கு அவர்கள் போகவும் இல்லை, ஏனென்றால் அவை பலவீனமானவர்களுக்கு என்று பெயர் பெற்றிருந்தன. சிவகங்கைப் பெண் சொன்னதும் இதுவேதான்.

ட்ரீஸ்மன் செய்த மாற்றம் எளிமையானது. பின்தங்கியவர்களே வாருங்கள் என்று அவர் அழைக்கவில்லை. திறமையுள்ளவர்களுக்கான சிறப்புப் பயிலரங்கு என்று அழைத்தார். எளிய கணக்குகளைத் திரும்பத் திரும்பக் கொடுக்காமல், வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசிப் பேசித் தீர்க்கச் செய்தார். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. பாடம் அதேதான், தேர்வும் அதேதான். உதவி வந்த விதம் மட்டும் மாறியது.

கான்சஸ் சிட்டியிலுள்ள மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் தொடங்கிய முறையையும் இத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலவீனமான மாணவர் யார் என்று அவர் தேடவில்லை. பலரும் தோற்கும் பாடம் எது என்று தேடினார். அந்தப் பாடத்தில் முன்னர் நன்றாகத் தேறிய மூத்த மாணவர் ஒருவர் மீண்டும் வகுப்பில் வந்து உட்கார்ந்து, வாரந்தோறும் விரும்புகிற எல்லாருடனும் கூடிப் படிப்பார். கடினம் என்ற அடையாளம் பாடத்தின்மேல் விழுகிறது, மாணவர்மேல் விழுவதில்லை. இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். மூத்த மாணவருக்கு ஒரு சிறு ஊக்கத்தொகையும் மாலையில் பூட்டாமல் விடப்பட்ட ஒரு வகுப்பறையும் போதும்.

இதைத் தில்லியில் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். எங்கள் துறையில் சனிக்கிழமைகளில், முதலாம் ஆண்டு மாணவர் அனைவருக்கும், கடினக் கணக்குகளுக்கான கூட்டம் என்ற பெயரில் இப்படி ஒன்றை நடத்தினோம். மதிப்பெண் அதிகம் பெறுகிறவர்களும் வந்தார்கள், அதனால் மற்றவர்களும் கூச்சமின்றி வந்தார்கள். அந்தச் சிவகங்கைப் பெண் ஒரு மூலையில் உட்காரத் தொடங்கி, பிறகு கரும்பலகைக்கு வந்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, தெரிந்த இந்தியில் ஒரு வரி என்று விளக்குவாள். பிகாரிலிருந்து வந்த மாணவர்கள் பொறுமையாகக் கேட்டுத் திருத்துவார்கள். அவள் முதலிடம் பெறவில்லை. மூன்று ஆண்டில் பட்டம் பெற்றாள், மேலே படித்தாள். ஒரு பல்கலைக்கழகத்தின் வெற்றி என்று நான் கருதுவது இதைத்தான்.

அடுத்தது, யார் தவிக்கிறார் என்பதை எப்படி அறிவது? வருகைப் பதிவேடு சொல்லிவிடும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வருகை வேண்டும் என்பது விதி. பருவம் முடியும் தறுவாயில் வருகை குறைந்தவர்களின் பட்டியலை ஒட்டுகிறார்கள். அப்போது அது தண்டனைப் பட்டியல். அதே ஏட்டை நான்காவது வாரத்தில் ஒருவர் எடுத்துப் பார்த்தால், அது உதவிப் பட்டியல். ஒரு மாணவர் தொடர்ந்து ஒரு வாரம் வரவில்லை என்றால், அவருக்கு டெங்குக் காய்ச்சலாக இருக்கலாம், வாடகை கட்ட முடியாமல் அறையை விட்டிருக்கலாம், ஊரில் தந்தைக்கு நோயாக இருக்கலாம், மொழி புரியாமல் மனம் உடைந்து படுத்திருக்கலாம். என்ன காரணம் என்று கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அந்த அழைப்பு கல்லூரியிலிருந்து போக வேண்டும். நான் மீண்டும் மீண்டும் சொல்வது இதுதான்: மாணவர் வரட்டும் என்று காத்திருக்கும் சேவை, மிகவும் தேவைப்படுகிறவரைச் சென்றடைவதில்லை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், ஏழை மாணவர்களுக்கு உதவிகளைத் தனித்தனி அலுவலகங்களில் பிரித்து வைக்காமல் ஒன்றாகக் கொடுத்தார்கள்: அடிக்கடி சந்திக்கும் ஒரே ஆலோசகர், தனிப்பயிற்சி, பாடநூலுக்கு உதவி, நகரப் போக்குவரத்துக்கு இலவச அட்டை. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஆராய்ந்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேரும், இல்லாதவர்களில் நூற்றுக்கு 22 பேரும் மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றிருந்தார்கள். போக்குவரத்து அட்டை படிப்போடு தொடர்பில்லாத பொருளாகத் தோன்றலாம். நகரின் தென்மேற்குக் கோடியிலுள்ள நஜஃப்கரிலிருந்து தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்குத் தினமும் வந்துபோகும் மாணவரைக் கேட்டுப் பாருங்கள்.

நேரம் குறைந்துவிட்டது. பணம், உடல் குறைபாடு, மனநலம் ஆகிய மூன்றையும் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மாணவர் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கல்லூரி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். கெடு முடிவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காடு இடம் அவர்களுக்கு உண்டு. தேர்வில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் தர விதிமுறை உண்டு. இவற்றைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே கேளுங்கள். மாணவர் மனநலம் குறித்து ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலும் வந்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார், எந்த அறையில், எந்த நேரத்தில் இருப்பார் என்று விசாரியுங்கள்.

ராகிங் தொல்லை இருந்தால் 1800 180 5522 என்ற கட்டணமில்லா எண். மனம் கலங்கியிருக்கும் நேரத்தில், அரசின் டெலி மானஸ் சேவைக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தில்லியிலிருந்து அழைத்தாலும் மொழித் தேர்வில் தமிழைத் தேர்ந்து தமிழிலேயே பேசலாம். எண் 14416. இன்னொரு முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. நன்றி, வணக்கம்.