அடுத்தவர் கை ஆயுதம்

(வெள்ளவத்தையில் மேசை விளையாட்டு நண்பர்கள் கூடிய ஒரு சனிக்கிழமை மாலையில் பேசியது, எழுத்து வடிவில்)

எல்லோருக்கும் வணக்கம். மழையையும் காலி வீதி நெரிசலையும் தாண்டி வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். பகடைப் பையோடு வந்தவர்கள் பாதிப்பேர். பிள்ளைகள் அப்படி என்னதான் விளையாடுகிறார்கள் என்று பார்க்க வந்த அம்மா அப்பாமாரும் பின்வரிசையில் இருக்கிறீர்கள். அவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து ஒரு கதையை வாயாலேயே நடத்துகிறார்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர், ஒருவர் பூசகர். கதையை நடத்துபவருக்கு டி.எம். என்று பெயர். எடுத்த காரியம் பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

இன்று நான் பேச வந்தது அந்தப் பூசகரைப் பற்றி. அதிலும் அவர் ஆயுதங்களுக்கு ஏற்றும் மந்திரங்களைப் பற்றி.

போன ஆடிவேல் முடிந்த கிழமை எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். நான்தான் டி.எம். நல்ல மனிதராக, வந்தவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிற வணிகராக ஒருவரை நாலு வாரமாகக் காட்டி வந்தேன். அன்றைக்கு அவர் முகமூடி கழன்றது. புலித்தலை, உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பிய கைகள். விதிநூலில் அதன் பெயர் ராக்ஷசா. ஆம், நம்முடைய அரக்கன்தான். இலங்கையில் இருந்து விளையாடுகிற நமக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன் வருகிற சிலிர்ப்பு வேறு எந்த ஊர்க்காரருக்கும் வராது.

மந்திரவாதி நெருப்பை வீசினார். ஒன்றும் ஆகவில்லை. 2014ஆம் ஆண்டு விதிப்படி, 6ஆம் நிலையும் அதற்குக் கீழுமுள்ள எந்த மந்திரமும், அதுவாக இடம் கொடுத்தால் ஒழிய, அதைத் தீண்டாது. போர்வீரர் தன் மந்திர வாளால் வெட்டினார். பட்டது, ஆனால் போதாது. 110 உயிர்ப்புள்ளி உள்ள உடம்பு அது. வெட்டுக்குச் சராசரி பத்தரைப் புள்ளி போனால் எப்போது முடிப்பது?

பூசகராக விளையாடிய தங்கச்சிக்குப் பதினெட்டு வயது. போர்த் தெய்வத்தின் பூசகர், 11ஆம் நிலை (இது ஆளின் நிலை, மந்திரத்தின் நிலை வேறு). அதுவரை தன் மந்திரமெல்லாம் தன் கதாயுதத்துக்கே போட்டு வந்தவள். அன்றைக்குத் தன் குறிப்புக் கடதாசியை இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அண்ணா, வாசலில் செத்துக் கிடக்கிற காவற்காரன் கையில் ஒரு ஈட்டி இருக்கிறது என்று முதலே சொன்னீங்கள். அது இன்னும் அங்கேயா?" அங்கேதான் என்றேன். போர்வீரர் பக்கம் திரும்பினாள். "வாளைக் கீழே போடுங்கோ. அந்த ஈட்டியை எடுங்கோ. நான் வந்து தொடுறன்."

மேசையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவர் மெல்லச் சொன்னார்: "வேல்."

அந்த 2014 விதி என்ன என்று சொன்னால்தான் அவள் கண்டுபிடித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். அந்த அரக்கனுக்கு ஒரே ஒரு பலவீனம் இருக்கிறது. நல்லவன் ஒருவன் கையில், மந்திரம் ஏறிய ஆயுதம், அதுவும் குத்துகிற ஆயுதமாக இருந்தால் சேதம் இரட்டிப்பாகும். வாள் வெட்டும், கதாயுதம் நொறுக்கும். ஈட்டிதான் குத்தும். மேஜிக் வெப்பன் என்ற மந்திரம் சாதாரண ஆயுதத்தை ஒரு மணி நேரத்துக்கு மந்திர ஆயுதமாக்கும். 2ஆம் நிலையில் போட்டால் +1, 4ஆம் நிலையில் +2, 6ஆம் நிலையில் +3. மந்திரம் ஏறுவது ஈட்டியில். அரக்கனின் உடம்பை அது தொடவே இல்லை, ஆகவே அவனுடைய தடுப்பு இங்கே வேலை செய்யாது. 11ஆம் நிலைப் பூசகருக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு 6ஆம் நிலை மந்திரம்தான். அதில் ஹார்ம் போன்ற பெரிய தாக்குதலைப் போட்டிருந்தால் வீணாகியிருக்கும். அவள் அந்த ஒன்றை எடுத்து, தனக்கென்று எதுவும் வைக்காமல், துருப்பிடித்த ஒரு ஈட்டிக்குக் கொடுத்தாள்.

இரண்டு கையால் பிடித்த ஈட்டிக்கு எட்டு முகப் பகடை, போர்வீரரின் பலம் 5, மந்திரம் 3. சராசரி பன்னிரண்டரை. இரட்டித்தால் 25. அந்த நிலைப் போர்வீரர் ஒரு முறைக்கு மூன்று தரம் அடிப்பார், ஆக்ஷன் சர்ஜ் என்ற கூடுதல் செயலை எடுத்தால் ஆறு. ஆறு குத்தில் ஐந்து பட்டது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்தப் பூசகர் எங்கிருந்து வந்தார் என்று கொஞ்சம் பார்ப்போம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டது 1974இல். அதற்கு முன் ஆர்ன்சனின் மேசையில் ஒருவர் இரத்தக்காட்டேரியாக விளையாடி எல்லோரையும் அடக்கி வைத்திருந்தார். அவரை எதிர்க்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது, அப்படிப் பிறந்தவர் பூசகர். கூர்முனை ஆயுதம் தொடக் கூடாது, கதாயுதமும் தடியும்தான் என்று விதி வைத்தார்கள். 1066இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பாயூ திரைச்சீலையில் ஓடோ என்ற ஆயர் கையில் தடியோடு குதிரைமேல் இருக்கிறார். குருமார் இரத்தம் சிந்தக் கூடாது, அதனால்தான் தடி என்று ஒரு விளக்கம் பரவியது. அது தலைமைக்குரிய கோல் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ, அந்தத் தடி நம் மேசை வரை வந்துவிட்டது.

1974 நூலில் முதல் நிலைப் பூசகருக்கு ஒரு மந்திரமும் கிடையாது. பிற்பாடு கிடைக்கிற பிளெஸ் என்ற ஆசீர்வாதம், சண்டை தொடங்குமுன் தோழர்கள்மேல் போட வேண்டியது. தாக்கும் பகடையில் ஒன்று கூடும், மனவுறுதியிலும் ஒன்று கூடும். ஒன்று என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். இருபது முகப் பகடையில் அது நூற்றுக்கு ஐந்து. எனக்கு அந்த எண்ணைவிட அது போகிற திசை பிடிக்கும். வாள் பிடிக்க முடியாதவர், வாள் பிடித்தவனுக்குக் கொடுக்கிறார். இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது.

1977இல் வந்த அரக்கர் தொகுப்பு நூலில் ராக்ஷசா இடம்பெற்றபோது அதைக் கொல்ல ஒரு நேர்வழி இருந்தது: பூசகர் ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு. பட்டால் அதோடு சரி. பிறகு 2003 பதிப்பில், நன்மை ஏறிய குத்து ஆயுதம் இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியின் சேதத்திலும் 15 புள்ளி குறையும் என்று ஆனது. அந்த நன்மையை ஏற்ற அலைன் வெப்பன் என்ற 2ஆம் நிலை மந்திரம் பூசகரிடம் இருந்தது. 2014இல், நன்மை ஆயுதத்தை விட்டு அதைப் பிடிக்கிறவனிடம் போய்விட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த 2014 மாற்றம். பூசகர் தொட்டுக் கொடுக்கலாம், ஆனால் வாங்குகிறவன் நல்லவனாக இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

சரி, தன் ஆயுதத்துக்கே மந்திரம் போடுகிறவர்களுக்கு வருவோம். டிவைன் ஃபேவர் என்ற முதல் நிலை மந்திரம் உங்கள் அடி ஒவ்வொன்றிலும் ஒரு நான்கு முகப் பகடை கூட்டும், சராசரி இரண்டரை. ஒரு முறைக்கு ஒரு அடி அடிக்கிற பூசகருக்கு அது இரண்டரையோடு நின்றுவிடும். அதே நிலையில் பிளெஸ் போட்டால் மூன்று பேரின் தாக்குதலிலும் தற்காப்பு எறிதலிலும் அதே நான்கு முகப் பகடை சேரும். இன்னும் மேலே போங்கள். 2017இல் வந்த ஹோலி வெப்பன், 5ஆம் நிலை. அடிக்கு இரண்டு எட்டு முகப் பகடை, சராசரி 9. உங்கள் கதாயுதத்தில் ஏற்றினால் ஒரு முறைக்கு 9. மூன்று தரம் அடிக்கிற போர்வீரரின் வாளில் ஏற்றினால் 27 வரை. அந்த ஆயுதம் சுற்றிலும் 30 அடிக்குப் பிரகாசமாக ஒளிவிடும். பூசகர் விரும்பினால் மந்திரத்தை அந்தக் கணமே முடித்து, அந்த ஒளியை வெடிக்க வைக்கலாம். வெடிப்பது ஆயுதம் இருக்கிற இடத்தில். நீங்கள் பின்னால் தூணோரம் நிற்கிறீர்கள், உங்கள் தோழர் பகைவர் நடுவில் சிக்கியிருக்கிறார், அவர் கையிலிருந்து நீங்கள் அந்த ஒளியைத் திறந்து விடுகிறீர்கள். நீங்கள் குறிக்கிற பகைவருக்கு மட்டும் நான்கு எட்டு முகப் பகடைச் சேதம், எறிதலில் தோற்றால் கண்ணும் தெரியாது. தோழருக்கு ஒரு கீறல்கூட விழாது. இதைவிட அழகான மந்திரம் பூசகர் பட்டியலில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. நான் சொன்ன மந்திரங்களில் பெரும்பாலானவை கான்சன்ட்ரேஷன், மன ஒருமை கேட்பவை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்கலாம். அடி பட்டால் உடல் உறுதிக்குப் பகடை எறிய வேண்டும், எட்ட வேண்டிய எண்: 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது கூடவோ அது. தவறினால் மந்திரம் போய்விடும். புதிதாக வந்த பிள்ளைகள் இதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் கர்ணனைத்தான் சொல்வேன். பரசுராமரிடம் கற்ற மந்திரம், தேவைப்பட்ட கணத்தில் நினைவுக்கு வரவில்லை. தேர்ச்சில்லு மண்ணில், எதிரே அர்ச்சுனன், வாயில் சொல் இல்லை. அந்தப் பயம் பூசகர் பாத்திரத்தின் உயிர். அது இல்லாவிட்டால், அந்தத் தங்கச்சி புலித்தலையின் நகத்துக்கு எட்டுகிற தூரத்தில் நடந்து போய் ஈட்டியைத் தொட்டதற்கு என்ன பெறுமதி?

2024 விதிகளில் ஸ்பிரிச்சுவல் வெப்பன், அதாவது தானே பறந்து அடிக்கிற ஒளி ஆயுதம், அதற்கும் மன ஒருமை வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். பலருக்கு மனவருத்தம். எனக்குச் சம்மதம். எனக்கென்று ஒரு ஆயுதமா, தோழர் கையிலிருக்கும் ஆயுதமா என்று பூசகர் இப்போது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

டி.எம்.களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோருக்கும் சீக்கிரமே மந்திர வாள் கொடுத்து விடாதீர்கள். மேஜிக் வெப்பன் சாதாரண ஆயுதத்தில்தான் ஏறும். எல்லார் இடுப்பிலும் ஏற்கெனவே மந்திர ஆயுதம் தொங்கினால் பூசகர் அந்த மந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நான் ஒரு காலத்தில் அந்தப் பிழையைச் செய்தேன். ஒரு நல்ல பிள்ளை சலித்துப்போய்ப் பூசகரை விட்டுவிட்டான், அது இன்றைக்கும் எனக்கு மனத்தாங்கல்.

கடைசியாக மொழி. "மேஜிக் வெப்பன் போடுறன், +1" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, நம்மிடம் சொல் இல்லையா? தொல்காப்பியத்தில் வாள்மங்கலம் என்று ஒரு துறை இருக்கிறது, அரசனின் வாளைப் போற்றிச் சிறப்புச் செய்வது. நம் வீடுகளில் நவராத்திரி முடிவில் ஆயுத பூசை. செட்டியார் தெருவில் தராசுக்கும், பக்கத்துத் தச்சுப் பட்டறையில் உளிக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். ஆடிவேலுக்கு அதே செட்டியார் தெருவிலிருந்து வேல் தேரேறி இந்தக் காலி வீதியால்தான் வருகிறது. ஔவையார் தொண்டைமானின் ஆயுதச்சாலைக்குப் போய், உன் வேல்கள் பீலி அணிந்து நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. நுனி சிதைந்த வேலை எடுத்துக் கொடுக்கிற பூசகர் என்று ஒரு பாத்திரம் உங்களுக்கு இப்போது கண்ணில் தெரியவில்லையா?

அந்தத் தங்கச்சி அன்று என்ன சொன்னாள் தெரியுமா? பகடையைத் தொடுமுன் வலது கைப் பெருவிரலால் காற்றில் ஒரு பொட்டு வைத்தாள். "ஈட்டியின் கழுத்தில் சந்தனம் வைக்கிறன். கை நடுங்குது. ஆனா விடமாட்டன்." அவ்வளவுதான். பிறகு தன்னுடைய மூன்று ஆறு முகப் பகடையை எடுத்து, மூன்றிலும் ஒன்று தெரியும்படி போர்வீரரின் முன் அடுக்கி வைத்தாள், அந்த +3ஐ அவர் மறக்காமல் இருக்க. இப்போது எங்கள் மேசையில் அதுவே வழக்கம். பிளெஸ் போட்டால் உங்கள் நான்கு முகப் பகடையை எழுந்து போய் மற்றவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும். மன ஒருமை உடைந்தால் திருப்பி வாங்க வேண்டும். வாங்குகிறபோது இருவர் முகத்தையும் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் புதுக் கதை தொடங்குகிறோம். போர்வீரர் மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பூசகர் இன்னும் இல்லை. பின்வரிசையில் இருக்கிற அம்மா அப்பாமாரும் யோசித்துப் பாருங்கள், பகடை நாங்கள் தருவோம்.