நங்கூரம் போடும் முன் கொஞ்சம் கீழே பாருங்கள்

அவைத்தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்தி, அதைவிட நீளமாக அறிமுகமும் செய்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஐயா அவர்களே (தப்பாகச் சொன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்குங்கள்), காலையிலிருந்து நாற்காலி போட்ட தம்பிகளே, வணக்கம்.

துருக்கியின் தெற்குக் கரையில், பழைய லிசியா நாட்டுக் கடலில் பாய்மரப் படகில் போய்வந்ததைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள். காற்று, மரினா (நம் கடற்கரை இல்லை, படகு நிறுத்தும் துறை), மூழ்கிய கப்பல்கள் என்று மூன்று தலைப்பு. காற்றை முதலிலேயே முடித்துவிடுகிறேன்: கோடையில் வடமேற்கிலிருந்து மெல்டெமி அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்றாள் ஔவை. அங்கே திரவியம் கடலுக்கு அடியிலேயே கிடந்தது. 1982-இல் காஷ் ஊருக்குப் பக்கத்தில் உலுபுருன் முனையில் கடற்பஞ்சு எடுக்க முங்கியவர் மேலே வந்து, காது வைத்த உலோக பிஸ்கட்டுகளைப் பார்த்தேன் என்றார். அவை மூழ்கிப்போன ஒரு கப்பலின் செம்புக் கட்டிகள். கப்பலுக்கு வயது சுமார் 3,300. பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், வெண்கலம் காய்ச்சச் சரியான அளவு! 1984-லிருந்து 1994 வரை பதினொரு கோடைகாலம் முங்கி முங்கி எடுத்தார்கள். சரக்கை போத்ரும் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இப்போது என் கதை. காஷுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விரிகுடா. அங்கே வழக்கம் என்னவென்றால், முன்னால் நங்கூரம் போட்டு, பின்னால் கரைப் பாறையிலோ மரத்திலோ கயிறு கட்டுவார்கள். கேப்டன் தூங்கட்டும், நானே போடுகிறேன் என்று கிளம்பினேன், பாருங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி, கீழே கருப்பாக ஒரு திட்டு தெரிந்தது, மணலைவிட அழுத்தமாக இருக்கும் என்று நினைத்து அதன் மேலேயே இறக்கினேன், சங்கிலியும் ஓடியது, நானும் பெருமையாகத் தேநீர் போட்டேன். நடுராத்திரி காற்று திரும்பியதும் படகு பாறையைத் தேடிக்கொண்டு போக ஆரம்பித்தது! கேப்டன் எழுந்து ஓடிவந்து நங்கூரத்தைத் தூக்கினால், கொக்கியில் ஒரு வைக்கோல்போர் அளவுக்குப் புல். திட்டியதை மேடையில் சொல்ல முடியாது.

அந்தப் புல்தான் பொசிடோனியா ஓசியானிகா என்ற கடற்புல். பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள செடி, மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் கிடையாது. மீன்குஞ்சு வளர்வது அதற்குள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும், நான் ஒரு ராத்திரியில் பிடுங்கியது திரும்ப முளைக்க எத்தனை வருஷமோ. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018-இலேயே அதன் மேல் நங்கூரம் போடத் தடை விதித்துவிட்டார்கள். திரைகடல் ஓடித் திரவியம் தேடலாம், திரவியத்தைச் சங்கிலியால் உழக்கூடாது.

அதனால் அங்கே படகு எடுப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: மிதவை இருந்தால் அதில் கட்டுங்கள், இல்லையென்றால் வெளிர் நிற மணலைத் தேடி நங்கூரம் போடுங்கள். கருப்புத் திட்டு புல், தொடாதீர்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், இதற்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நம் பாக் நீரிணைக் கடற்புல்லுக்கும் அதே நோட்டில் தனிப் பக்கம் உண்டு.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மரினா கட்டணம் கேட்க வந்தவர்கள் காபி நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.