சவரிமுத்து யார்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபை வரலாறு பேச வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். 1706-ல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் ஐயர் (நாம் போதகரை ஐயர் என்போம்) தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கிய கதையை நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள், அதை மறுபடியும் நான் சொல்லப் போவதில்லை. அந்தக் காலத்துக் கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில், இந்த மிஷனுக்கு அங்கிருந்து துணை நின்ற பிராங்கே என்ற போதகர் நடத்திய அநாதை இல்ல வளாகத்திலேயே இன்றும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கூடவே தமிழ் ஓலைகளும். கப்பல் மூழ்கினால் கடிதமும் போய்விடுமே என்று ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து வேறு வேறு கப்பலில் அனுப்புவார்கள். இங்கிருந்து ஒரு சந்தேகம் கேட்டால் பதில் வந்து சேருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்திருக்கும்.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு யாருக்கு எழுதினார்கள்? காணிக்கை கொடுத்தவர்களுக்கு. 1710 முதல் இந்தக் கடிதங்களை ஹாலேயில் வெட்டி ஒட்டி அச்சுப் போட்டு, ஐரோப்பாவில் பணம் அனுப்புகிறவர்கள் படிக்கக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காதது அச்சில் வராது. 1713-ல் சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி உட்கார்ந்து ஒரு பெரிய நூலே எழுதி அனுப்பினார். புறமத மூடத்தனத்தை ஒழிக்கத்தானே உங்களை அனுப்பினோம், அதை இங்கே பரப்பவா என்கிற தோரணையில் பிராங்கேயிடமிருந்து பதில் வந்தது. அந்த நூல் அச்சேறியது 1867-ல், அதுவும் சென்னையில்! அதனால் அச்சில் வந்த ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தால் அதில் எது விட்டுப்போயிருக்கும் என்றுதான் நான் முதலில் யோசிப்பேன்.

விட்டுப்போனதில் முதலாவது, நம் ஆட்களின் குரல். 1712-லிருந்து 1714 வரை மிஷனரிகள் ஊர்க்காரர்களிடம் கேள்வி அனுப்பி, சாமி, சாதி, கல்யாணம், வைத்தியம் என்று எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கினார்கள். 99 கடிதங்கள். சில பதில்களில் நல்ல சூடு, ஐரோப்பியர்களின் குடியையும் நடத்தையையும் பிய்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நமக்குக் கிடைப்பது ஜெர்மன் மொழிபெயர்ப்பு மட்டுமே, தமிழ் மூலம் போயே போய்விட்டது. எழுதியவர்களின் பெயரும் போடவில்லை.

இரண்டாவது, சங்கடமான விஷயம், சொல்லித்தான் ஆக வேண்டும். இராஜநாயக்கன் என்று தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர், கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சடித்த புதிய ஏற்பாடு கைக்கு வந்து, அதைப் படித்து, பின்னால் உபதேசியாராகி, அதாவது குருப்பட்டம் இல்லாமல் போதிக்கிற ஊழியராகி, தஞ்சை வட்டாரத்தில் பல வருஷம் உழைத்தார், அடியும் பட்டார். 1733 டிசம்பர் 28-ல் ஆரோன் தமிழரில் முதல் புராட்டஸ்டண்டு குருவாக அபிஷேகம் பெற்றார், நாமும் அதைக் கொண்டாடுகிறோம். இராஜநாயக்கனுக்குக் கடைசிவரை குருப்பட்டம் கிடைக்கவில்லை. ஏனென்றால் அவர் பறையர், அவர் கையால் மற்றவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற பயம். இதை மிஷனரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். விழா மலரில் இதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

அப்புறம் நம் திருநெல்வேலிக்கு வருவோம். 1771-ல், திருச்சியில் இருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ச் ஐயர், பாளையங்கோட்டையில் தம் சபையைச் சேர்ந்த ஒருவர் அக்கம்பக்கத்தாருக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறார் என்று குறித்து வைக்கிறார். பெயரை ஜெர்மன் நாக்கில் ‘ஷவ்ரிமுட்டு’ என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். யார் இது? சவரிமுத்து! கத்தோலிக்கப் புனிதர் சவேரியாரின் பெயர். பெயரை வைத்துச் சத்தியம் செய்ய முடியாதுதான், ஆனாலும் கத்தோலிக்க வீட்டில் வைத்த பெயர் என்றே எனக்குப் படுகிறது. கேட்பவர்களும் இந்துக்கள் மட்டும் இல்லை, ரோமன் சபைக்காரர்களும் இருந்தார்கள். இந்தப் பக்கத்துச் சபைக் கதை ஐயர்மார் வந்து இறங்கியதில் ஆரம்பிக்கவில்லை பாருங்கள், திருச்சியிலிருந்து வந்த ஒரு சாதாரண ஆள் வீட்டில் உட்கார்ந்து வாசித்ததில் ஆரம்பிக்கிறது.

ஏழு வருஷம் கழித்து, 1778-ல், குளோரிந்தா அம்மாளுக்கு ஞானஸ்நானம். மராத்திப் பிராமண விதவை, ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர், அந்த அதிகாரி உயிரோடு இருந்தவரை ஞானஸ்நானம் மறுக்கப்பட்டவர். இந்த அம்மாள் கட்டிய கோயிலை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதானே சொல்கிறோம்? 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். அவ்வளவுதான் சபை.

ஒரு சேகரத்தில், அதாவது ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் வட்டாரத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் போனேன். கோயில் பணியாளரான கோயில்பிள்ளை தகரப் பெட்டியைத் திறந்தார். மேல் அட்டை முழுசாக இருந்தது, உள்ளே கரையான் மண். அடியில் தப்பியது ஒரே ஒரு தாள், ஓலை வாசித்த குறிப்பு, அதாவது கல்யாணத்துக்கு முன் கோயிலில் அதை அறிவித்த குறிப்பு. பெண்ணுடைய பெயர் இருக்கும் இடத்தில் ஓட்டை. மாப்பிள்ளை பெயர் சவரிமுத்து.

உங்கள் வீட்டுப் பரணில் பெட்டி இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். போட்டோ எடுக்க நான் வருகிறேன்.