அடிபம்ப் வாஷரும் பத்து லட்சம் டாலர் கணக்கும்

வணக்கம் மக்களே. அதே தண்டையார்பேட்டை மொட்டமாடி, அதே கிழிஞ்ச பாய். ஆனா இன்னைக்கு செம காண்டுல இருக்கேன். ஃபேமிலி குரூப்ல மாமா ஒரு வீடியோ அனுப்பிச்சிருக்காரு. தண்ணியும் காத்தும் எப்டி ஓடும்னு சொல்ற நேவியர் ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக் கணக்கைத் தீத்துட்டா மழை வெள்ளம் எந்தத் தெருவுல எத்தினி அடி நிக்கும்னு புட்டு புட்டு வெச்சிடுமாம். கீழ "வியாசர்பாடிக்கு விடிவுகாலம்"னு கும்பிடு வேற.

மாமா, அந்தச் சமன்பாட்ட 1800-கள்லயே எழுதிட்டாங்க. அதக் கம்ப்யூட்டர்ல தோராயமா போட்டுத்தான் இன்னைக்கும் ஏரோப்ளேன் டிசைன் பண்றாங்க, வானிலை சொல்றாங்க. அமெரிக்காவுல இருக்கற கிளே கணித இன்ஸ்டிடியூட் 2000-ல பத்து லட்சம் டாலர் பரிசு வெச்சது வேற கேள்விக்கு. அமைதியா ஆரம்பிச்ச ஓட்டம் கடைசி வரைக்கும் ஒழுங்கா ஓடுமா, இல்ல எங்கயோ ஒரு புள்ளில வேகம் எல்லையில்லாம எகிறி சமன்பாடே கைய விரிச்சிடுமா? ஆ, சொல்ல மறந்துட்டேன், இது மூணு டைமன்ஷன்ல மட்டும். ரெண்டுல எப்பவோ முடிச்சாச்சு.

அடிபம்ப் என்னாச்சுன்னு கேட்டீங்கல்ல? போன வீடியோல வெறும் காத்து வந்துச்சே, வாஷர்தான் போயிருக்கு. தோல் வாஷர் 60 ரூபாயாம்! உள்ளங்கை அளவு தோலுக்கு! பிளாஸ்டிக் 30-ன்னாரு. பிளாஸ்டிக் வாஷர் எனக்கு ஜென்மத்துக்கும் புடிக்காதுன்னு உங்களுக்கே தெரியும். தோலையே வாங்கி, ராத்திரி பூரா எண்ணெய்ல ஊறப்போட்டு, நானே மாட்னேன். ஏழாவது அடிக்குத் தண்ணி! மெதுவா அடிச்சா கண்ணாடிக் கம்பி மாதிரி விழுது, வேகமா அடிச்சா சிதறுது. அந்தச் சிதறல்தான் மாமா பெரிய தலைகளையே சுத்த விடுது.

இந்த மாதிரி நிரூபணத்தால பிரயோஜனமே இல்லன்னு சொல்லல. உருண்டைங்கள எப்டி அடுக்குனா இடம் மிச்சம்னு வானியல் அறிஞர் கெப்ளர் 1611-ல சொன்னாரு. 1998-ல ஹேல்ஸ்னு ஒரு கணித அறிஞர் நிரூபிச்சாரு. நம்ம பழவண்டி அண்ணன் அதுவரைக்கும் ஆரஞ்சு அடுக்காமயா இருந்தாரு? ஆனா அந்த நிரூபணம் சரியான்னு கம்ப்யூட்டர வெச்சே வரி வரியா பாத்து 2014-ல முடிச்சாங்க. அதே மாதிரி டூல்தான் சிப்புக்குள்ள கணக்கு தப்பாம இருக்கான்னு பாக்கவும் உதவுது. விடைய விட, அதுக்கு வெச்ச ஏணிதான் ஊருக்கு உதவும்.

வியாசர்பாடிக்கு வேணும்னா, கால்வாய்ல எவ்ளோ சேறு கெடக்கு, ரோடு எங்க பள்ளம், எத்தினி சென்டிமீட்டர் மழைன்னு அளந்து குடுக்கணும். அத எந்த நிரூபணமும் தராது.

இதெல்லாம் குரூப்ல வாய்ஸ் நோட்டா போட்டேன். இருங்க, மாமா டைப் பண்றாரு...

கட்டைவிரல். வெறும் கட்டைவிரல்!